தண்ணீரைத் தானே சுமக்கும் எஞ்ஜின்

அரநாயக்கவில் ரயில் பாதை கிடையாது. கோச்சி ஏற வேண்டுமென்றால் மாவனல்லைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரம்புக்கனைக்கோ கடுகண்ணாவைக்கோ போக வேண்டும். ஆனாலும் எங்கள் ஊர் இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். வடக்கே கொழும்பு – கண்டி பெரிய பாதை. 1864 டிசம்பர் 27 அன்று முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு வந்தது. 1867இல் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. தெற்கே, புளத்கொஹுபிட்டிய மலைகளைத் தாண்டி இறங்கினால் யட்டியாந்தோட்டை. ஒரு காலத்தில் அங்கே வரைக்கும் ஒரு சின்னக் கோச்சி வந்து போனது. களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் கிளை அது. யுத்த காலத்தில், 1942இல், அந்தக் கிளையை மூடித் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். இன்றைக்கு அந்த ரோட்டில் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இங்கே ரயில் ஓடியது என்றே தெரியாது.

இந்தப் பதிவு அந்தச் சின்னக் கோச்சியை இழுத்த வகை எஞ்ஜின்களைப் பற்றியது. டேங்க் எஞ்ஜின் என்பார்கள். பெரிய எஞ்ஜின்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மலைநாட்டையும் தோட்டங்களையும் வெளியுலகத்தோடு சேர்த்துக் கட்டிய இந்தச் சின்ன எஞ்ஜின்களைப் பற்றித் தமிழில் அதிகம் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே இருந்து வருகிறது.

நீராவி எஞ்ஜினுக்கு நெருப்பும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். நீண்ட தூரம் ஓடுகிற எஞ்ஜின், இரண்டையும் தன் பின்னால் ஒரு தனி வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போகும். அதற்கு டெண்டர் என்று பெயர். சமதரையில் நூறு மைல் ஓடுவதற்கு அது சரி. ஆனால் பாதை குட்டையாக இருந்து, வளைவுகள் நெருக்கமாக இருந்து, அதோடு ஏற்றமும் சேர்ந்துவிட்டால் அந்த டெண்டர் பெரிய தொல்லை. அது தானாக ஒரு வேலையும் செய்யாது. அதையும் சேர்த்து எஞ்ஜின்தான் மேலே தூக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு எஞ்ஜினைத் திருப்ப ஒரு பெரிய திருப்புமேடையும் கட்ட வேண்டும். மலைச்சரிவில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது?

டேங்க் எஞ்ஜினில் தண்ணீர்த் தொட்டி கொதிகலனின் இரண்டு பக்கமும் எஞ்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கரி, ட்ரைவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியில் இருக்கும். இதில் ஒரு நல்ல லாபம் உண்டு. தண்ணீரின் பாரம் முழுவதும் எஞ்ஜினின் சக்கரங்கள் மேலேயே அழுத்துவதால் தண்டவாளத்தில் பிடிப்பு கூடும். மழை பெய்து பாதை வழுக்குகிற எங்கள் சப்ரகமுவ மாதிரி இடங்களில் அந்தப் பிடிப்புத்தான் எல்லாம். முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி ஓடலாம் என்பதால் திருப்ப வேண்டிய தேவையும் இல்லை. நட்டம் என்னவென்றால், கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் கரியும்தான் பிடிக்கும். அடிக்கடி நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்த தண்ணீர் ஆவியாகப் போகப்போக பாரமும் குறையும், பாரத்தோடு பிடிப்பும் குறையும். டேங்க் எஞ்ஜினை வடிவமைத்த ஒவ்வொருவரும் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் இது.

களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம். பெரிய பாதை 5 அடி 6 அங்குலம். சின்னப் பாதை அதில் பாதிக்கும் குறைவு. சின்ன அகலத்தில் போட்டால் மலையை அதிகம் வெட்ட வேண்டியதில்லை, வளைவுகளை இறுக்கமாக வைக்கலாம், செலவு குறையும். தேயிலையும் றப்பரும் கொழும்புத் துறைமுகத்துக்குப் போக வேண்டும், தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் வர வேண்டும். அதற்காகத்தான் 1900களின் தொடக்கத்தில் அவிசாவளைக்கும், பிறகு யட்டியாந்தோட்டைக்கும் பாதை வந்தது. இன்னொரு கை எஹெலியகொட, குருவிட்ட வழியாக 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓபநாயக்கவுக்கும் நீண்டது. மேலே நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கும் இதே அகலத்தில் ஒரு பாதை இருந்தது. அதுவும் 1940களில் போய்விட்டது.

இந்தப் பாதைகளில் ஓடிய எஞ்ஜின்கள் எல்லாம் கப்பலில் வந்தவை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பெனி செய்த ஜே1 வகை டேங்க் எஞ்ஜின் களனிப் பாதையின் முகமாகவே இருந்தது. முன்னால் 4 சிறிய சக்கரம், நடுவில் இழுக்கிற 6 சக்கரம், பின்னால் மறுபடியும் 4 சிறிய சக்கரம். எந்தப் பக்கம் ஓடினாலும் வளைவில் முன்சென்று வழிகாட்ட ஒரு ஜோடி அச்சு இருக்கும். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி ஓட வேண்டிய குறுகிய பாதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒழுங்கு கிடையாது என்பது என் எண்ணம். 1929இல் மான்செஸ்டர் பேயர் பீக்காக் கம்பெனியிடமிருந்து ஒரு காரட் எஞ்ஜினும் இந்தச் சின்னப் பாதைக்கு வந்தது. நடுவில் ஒரே கொதிகலன், இரண்டு முனையிலும் தனித்தனிச் சக்கரக் கூட்டம், அவற்றின் மேலே தண்ணீரும் கரியும். ஒரு கொதிகலனை இரண்டு எஞ்ஜின்கள் தோளில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. வளைவுகளில் இரண்டு முனையும் தனித்தனியாகத் திரும்பும். பேயர் பீக்காக் இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1927இல், நம் நாட்டுப் பெரிய பாதைக்கும் ஒரு காரட் அனுப்பியிருந்தது. சென்டினல் என்ற நீராவிக் காரும் களனிப் பாதையில் ஓடியது. எஞ்ஜினும் பயணிகள் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த வண்டி அது.

ஒரு சின்ன பிரதேசப் பாதைக்கு இத்தனை வகை எஞ்ஜின்களை முயன்று பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். காரணம் இதுதான்: கடையில் இருக்கிற எஞ்ஜினை வாங்கி மலைப் பாதையில் விட்டால் ஓடாது. பாதைக்கு ஏற்ற எஞ்ஜினைப் பாதைதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கே வழுக்குகிறது, எந்த வளைவில் சக்கரம் தேய்கிறது, எந்த ஸ்டேஷனில் தண்ணீர் போதவில்லை என்று வருஷக் கணக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த எஞ்ஜின் பிறக்கும்.

இந்தக் கதை முழுதாக நடந்து, இன்றும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிற இடம் ஒன்று உண்டு. நீலகிரி.

எங்கள் பக்கத்து லயங்களில் கூனூர், கோத்தகிரி, கூடலூர் என்ற பெயர்கள் புதிதல்ல. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறின. அதை ஒப்பாரிக் கோச்சி என்றே சனங்கள் சொன்னார்கள். கப்பலில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து பலர் நீலகிரிக்குப் போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது; டான்டீ என்று பிறகு பெயர் வாங்கிய நிறுவனம் அதுதான். எங்கள் சொந்தக்காரர்களும் அப்படிப் போனவர்களே. கூனூரில் இருக்கிற மாமா ஒருவர் போனில் பேசும்போது பின்னால் நீலகிரி ரயில் எஞ்ஜினின் ஊதல் கேட்டிருக்கிறது. எனக்கு நீலகிரி ரயில்மேல் பிடிப்பு வந்தது அந்தச் சத்தத்தால்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். தொடங்குகிற இடம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், முடிகிற இடம் 2,203 மீட்டர். வழியில் 208 வளைவு, 250 பாலம், 16 சுரங்கம். மலையில் ரயில் போட வேண்டும் என்ற பேச்சு 1854இலேயே எழுந்தது. வேலை தொடங்கியது 1891இல். கூனூர் வரை ரயில் ஓடியது 1899இல். ஊட்டி வரை 1908இல். ஒரு பாதைக்காக ஐம்பது வருஷத்துக்கு மேல் மனிதர்கள் விடாமல் நின்றிருக்கிறார்கள்.

ஏன் அவ்வளவு காலம்? ஏற்றத்தைப் பாருங்கள். நம் ரம்புக்கனை – கடுகண்ணாவை ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 அடி முன்னே போனால் 1 அடி உயரும். அதற்கே அந்தக் காலத்தில் ரம்புக்கனையில் பின்னால் இன்னொரு எஞ்ஜினைக் கொடுத்துத் தள்ளச் செய்வார்கள். நீலகிரியில் கல்லாறுக்கு மேலே ஏற்றம் 12க்கு 1. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வெறும் பிடிப்பை வைத்து அதை நம்பி ஏற முடியாது. அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பதித்தார்கள். சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. இரண்டு பட்டை பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும். அதனால் எஞ்ஜினின் பற்சக்கரம் எந்த நொடியும் ஏதோ ஒரு பல்லைக் கவ்விப் பிடித்தபடியே இருக்கும்.

முதலில் ஓடியவை பேயர் பீக்காக் கம்பெனியின் டேங்க் எஞ்ஜின்கள். அவற்றை ஓட்டிப் பார்த்த அனுபவத்துக்குப் பிறகு வந்ததுதான் எக்ஸ் வகை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்திலிருந்த சுவிஸ் லோகோமோட்டிவ் கம்பெனி 1914, 1920, 1925 என்று மூன்று தடவையில் 12 எஞ்ஜின்களைச் செய்து அனுப்பியது. இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு 1952இல் இன்னும் 5. ஏறக்குறைய நாற்பது வருஷ இடைவெளியிலும் அடிப்படை வடிவத்தை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை என்பதே அந்த வடிவத்துக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ்.

அந்த வடிவத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. எக்ஸ் எஞ்ஜினில் 4 சிலிண்டர். கீழே இரண்டு, மேலே இரண்டு. கொதிகலனிலிருந்து வருகிற உயரழுத்த ஆவி முதலில் கீழ்ச் சிலிண்டர்களுக்குப் போய், தண்டவாளத்தில் ஓடுகிற சாதாரண 8 சக்கரங்களைச் சுழற்றும். வழக்கமான எஞ்ஜினில் அந்த ஆவி அதோடு வேலை முடிந்து புகைபோக்கி வழியாகப் போய்விடும். இங்கே போகாது. அதே ஆவி மேல் சிலிண்டர்களுக்குள் நுழைந்து, பற்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே ஆவி இரண்டு தடவை உழைக்கிறது. கரி மிச்சம், தண்ணீரும் மிச்சம்; தண்ணீரைத் தானே சுமக்கிற எஞ்ஜினுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். பற்சக்கரப் பாதை கூனூரோடு முடிகிறது. அதற்கு மேலே ஏற்றம் 25க்கு 1தான். அங்கே மேல் சிலிண்டர்களுக்கு ஆவியை நிறுத்திவிட்டு, கீழே இருக்கிற இரண்டை மட்டும் வைத்துச் சாதாரண எஞ்ஜினாகவே ஓட முடியும். ஒரு எஞ்ஜினுக்குள் இரண்டு எஞ்ஜின்.

தண்ணீர் குறைந்தால் பிடிப்பு குறையும் என்று மேலே சொன்னேனே, அந்தத் தொல்லைக்கும் இங்கே வழி பிறந்துவிட்டது. பாரத்தின் பெரும் பங்கைப் பற்சக்கரம் தாங்குவதால் தொட்டி வற்ற வற்ற எஞ்ஜின் வழுக்குமோ என்ற பயம் வெகுவாகக் குறைந்தது. நின்று தண்ணீர் குடிக்க வேண்டிய கட்டாயம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஹில்குரோவ் மாதிரி நடுக்காட்டு ஸ்டேஷன்களில் நிறுத்தி, குழாயைத் தொட்டியில் விட்டு நிரப்புவார்கள். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள். மேலே ஏறும்போது எஞ்ஜின் இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். இணைப்பு ஏதும் அறுந்தாலும் பெட்டி கீழே ஓடிவிடாமல் எஞ்ஜின் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஒரு ஆள் நிற்பார். முன்னால் இருக்கிறவர் கொடி காட்டுவார், பின்னால் இருக்கிற ட்ரைவர் அதைப் பார்த்து ஓட்டுவார். ஏறி முடிக்க ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். அவ்வளவு நேரமும் அந்த ட்ரைவர் தன் சகாக்களின் கண்களை நம்பி ஓட்டுகிறார். இந்த வேலை மேல் எனக்கு இருக்கிற மரியாதையைச் சொல்லி முடியாது.

இங்கே நம் நாட்டோடு ஒரு தொடர்பு வருகிறது. எங்கள் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில்தான் டேவிட் லீன் குவாய் நதிப் பாலம் படத்தை எடுத்தார். பாலம் வெடித்து ரயில் ஆற்றில் விழுகிற காட்சி 1957இல் நம் களனி ஆற்றில் எடுக்கப்பட்டது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த ஒரு பையன் பள்ளிச் சுற்றுலாவில் வந்து அந்தப் படப்பிடிப்பைப் பார்த்துத்தான் தானும் இயக்குநராக வேண்டும் என்று முடிவெடுத்தான். அந்தப் பையன் பாலு மகேந்திரா. 1982இல் வந்த மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சியை அவர் எடுத்தது நீலகிரிப் பாதையின் கேத்தி ஸ்டேஷனில். அதே டேவிட் லீன் 1984இல் வெளிவந்த தன் பேசேஜ் டு இந்தியா படத்துக்காக எக்ஸ் எஞ்ஜின்கள் ஓடுகிற இந்தப் பாதைக்கே வந்தார். எங்கள் ஆட்களில் பலர் நீலகிரிக் கோச்சியை முதலில் பார்த்ததும் அந்த ஸ்ரீதேவி – கமல் படத்தில்தான்.

சரி, எஞ்ஜினுக்கு வருகிறேன். 1952இல் செய்ததே என்றாலும் ஒரு கட்டத்தில் உடம்பு தேயும். வின்டர்தூர்க் கம்பெனியோ பழைய வகை உதிரிப்பாகங்கள் செய்வதை எப்போதோ விட்டுவிட்டது. கொதிகலன் பழுதானால், ஒரு பற்சக்கரம் தேய்ந்தால், எங்கே போய் வாங்குவது? பதில் திருச்சியில் இருந்தது. பொன்மலைப் பணிமனை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் அங்கே மாற்றிய பட்டறை அது. எக்ஸ் எஞ்ஜின்களை அக்கு அக்காகக் கழற்றி, பழுது பார்த்து, மறுபடி பூட்டி அனுப்பிய வேலையாட்களுக்கு ஒவ்வொரு பாகமும் கைப்பழக்கமாகிப் போயிருந்தது. முதலில் பழைய எஞ்ஜினைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். பிறகு 2011 முதல், எண்ணெயில் ஓடுகிற முற்றிலும் புதிய எக்ஸ் எஞ்ஜின்களை அங்கேயே செய்து முடித்தார்கள். அதன் பிறகு, கரியில் ஓடும் பழைய வடிவத்திலேயே புதிய எஞ்ஜினும் 2021இல் பொன்மலையிலிருந்து வெளியே வந்தது. நீராவி யுகம் முடிந்து பல வருஷங்கள் ஆன பிறகு, சுவிஸ்காரன் செய்த பற்சக்கர எஞ்ஜினைத் திருச்சித் தொழிலாளர்கள் புதிதாகச் செய்திருக்கிறார்கள். தமிழன் பெருமை என்று மேடையில் எத்தனையோ பேசுகிறோம். இதையும் பேச வேண்டும்.

வியட்நாமில் இதற்கு நேர்மாறாக நடந்தது. தப்சாம் – தாலாட் மலைப்பாதையிலும் இதே வின்டர்தூர் எஞ்ஜின்கள், எக்ஸ் வகைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லக்கூடியவை, ஓடின. யுத்தத்தில் பாதை நின்றது, தண்டவாளமும் போனது. எஞ்ஜின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990இல் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதை ஆர்வலர்கள் அவற்றைப் பணம் கொடுத்து வாங்கி, கப்பலேற்றித் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் கையில் அவை மறுபடி உயிர் பெற்றன. அது நல்லதுதான். ஆனால் தாலாட் மக்களுக்கு அந்த எஞ்ஜின் இனி இல்லை. நீலகிரி மக்களுக்கு இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு, பக்கத்தில் ஒரு பட்டறையும் அதில் வேலை தெரிந்த கைகளும் இருந்ததா இல்லையா என்பதுதான்.

களனிப் பாதைக்கு என்ன ஆனது? 1970களில் இரத்தினபுரி, ஓபநாயக்கப் பக்கம் மூடப்பட்டது. 1990களில் அவிசாவளை வரை பாதையை அகலமாக்கினார்கள். அவிசாவளையிலிருந்து தினமும் கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தேவையான மாற்றம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். இரத்தினபுரிப் பக்கத்தை விட்டது வேறு கதை. அந்த மலைப் பாதையில் ஒரு துண்டையாவது சின்ன அகலத்திலேயே வைத்திருந்தால், ஜே1 போன்ற எஞ்ஜின்கள் இன்றும் அதில் ஏறியிருக்கும், அவற்றைப் பழுது பார்க்கிற கைகளும் அடுத்த தலைமுறைக்கு வந்திருக்கும். நீலகிரிக்கு 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னத் தகுதி கிடைத்தது. நம் பாதையும் அந்த வரிசையில் நின்றிருக்கக்கூடியதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில், இலங்கை ரயிலுக்கு 150 வருஷம் ஆனதையொட்டி, தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். மாவனல்லையிலிருந்து கண்டி பஸ் ஏறினால் அதிக நேரம் ஆகாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய எஞ்ஜின்களின் பக்கத்தில் நின்று, தண்ணீர் எங்கே ஊற்றுவார்கள், கரி எங்கே போடுவார்கள் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். யட்டியாந்தோட்டை, கரவனல்ல, தெகியோவிட்ட, எஹெலியகொட, குருவிட்ட, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் களனிக் கோச்சியைப் பற்றிக் கேளுங்கள். தேயிலைப் பெட்டி ஏற்றியவர்கள், பாதையில் கூலி வேலை செய்தவர்கள், எஞ்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள், அதில் ஏறிக் கல்யாணத்துக்குப் போனவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்து வையுங்கள், ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். பழைய டிக்கெட்டோ போட்டோவோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எனக்கு எழுதினால் அடுத்த பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.